ஐந்துக்கும் ஒரே பண்டம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். எங்கள் குடியிருப்பின் செக்ரட்டரி குழந்தைவேலு, பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். கால்நடை டாக்டர் ரெஜினா அம்மா. கேட் வாட்ச்மேன் செல்லாண்டி. மாடிப்படியில் என் மருமகள் சுகந்தி. ஒரு வேன்காரர், பெயர் சொல்லவில்லை, வேனை விட்டு இறங்கவும் இல்லை. மனிதர்கள் ஆறு. நாய்கள் ஐந்து. மொத்தம் பதினொன்று. வேடிக்கை பார்க்க வந்து போனவர்களை நான் சேர்க்கவில்லை. அவர்கள் நிலையாக நிற்கவில்லை, எண்ண முடியவில்லை.

நீங்கள் கேட்டது இந்த டப்பாவைப் பற்றித்தான். தெரியும். நெய் வாசம் அடிக்கிறதே, பலகாரமா என்று கேட்டீர்கள். பலகாரம் இல்லை. நாய்க்குச் செய்தது. முகத்தைச் சுளிக்காதீர்கள், கை கழுவித்தான் உருட்டினேன். ஊத்துக்குளி போய்ச் சேர இன்னும் அரை மணி நேரம் ஆகும். பஸ்ஸில் யாரிடமும் பேசுகிற ஆள் இல்லை நான். நீங்கள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுத்தீர்கள், கேள்வியும் கேட்டுவிட்டீர்கள். பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதை இல்லை.

என் பெயர் நஞ்சப்பன். அறுபத்தெட்டு முடிந்து ஐந்து மாதம். ஆறாவது வரைக்கும் படிப்பு. பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் முப்பத்தொரு வருஷம் பேக்கிங்கில் இருந்தேன். ஒரு பெட்டிக்கு நூல் சுற்றின கோன் இருபத்துநான்கு. வாய்விட்டு எண்ணித்தான் அடுக்குவோம். முதல் கோனுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். நெல் அளக்கிறவர்கள் பழக்கம் அது, மில்லுக்கும் வந்துவிட்டது. என் பெட்டி ஒன்றுகூடக் குறைச்சல் என்று திரும்பி வந்ததில்லை.

இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். முப்பத்திரண்டு வீடு உள்ள குடியிருப்பு. காலை ஐந்து மணிக்கு மதிலை ஒட்டி ஏழு சுற்று நடப்பேன். ஐந்து நாய்கள் கூட வரும். நான் கூப்பிட்டதில்லை, அவையாக வரும். எனக்கு நாய் மேல் பிரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாய் வளர்த்தவன் இல்லை நான், தடவிக் கொடுக்கவும் தெரியாது. ஆனால் ஐந்து என்றால் ஐந்து இருக்க வேண்டும். ஒரு நாள் நாலுதான் வந்தது என்றால் அன்றைக்குப் பூராவும் சோறு இறங்காது. கணக்குப் பிசகினால் யாருக்கும் அப்படித்தானே?

அடையாளத்துக்காகக் கழுத்தில் நூல் கட்டியிருந்தேன். பனியன் கம்பெனிக் கழிவு நூல், எங்கள் ஊரில் தெருவெல்லாம் கிடக்கும். பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள். நாலுக்கும் அதுவே பேர். ஐந்தாவது கழுத்தைக் காட்டவில்லை. பெட்டை, சாம்பல் நிறம், வயசானது. ஏழு சுற்றும் கூடவே வரும், ஆனால் பதினெட்டு அடி பின்னால்தான் வரும். அடி வைத்து அளந்திருக்கிறேன், பதினெட்டுதான். அதை நூலில்லாதது என்று சொல்லி வந்தேன்.

புரட்டாசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் போட்டார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அதற்கு முந்தின வாரம் பி பிளாக் பெண் ஒருத்தி ஸ்கூட்டரில் வரும்போது மஞ்சள் குறுக்கே ஓடி, அவள் விழுந்து முழங்கையில் சிராய்ப்பு. தப்பு மஞ்சள் மேல்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. குழந்தைவேலு எழுந்து, தெரிந்த வேன்காரர் ஒருவர் இருக்கிறார், அஞ்சையும் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே கரட்டுப் பக்கம் எங்கேயாவது இறக்கிவிடுவார் என்றார். சரி என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். பத்தொன்பது கை.

செல்லாண்டி என் காதருகே வந்து சொன்னான். "அறியாத எடத்துல உட்டா மூணு நாள் தாங்காதுங்க ஐயா. அங்கிருக்கற நாயிங்க கடிச்சே கொன்னு போட்டுருமுங்க."

நான் மீட்டிங்கில் பேசியதே இல்லை. மூன்று வருஷத்தில் பதினான்கு மீட்டிங். ஒன்றில்கூட வாய் திறந்ததில்லை. அன்றைக்கு எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில், "வெறிநோய்க்கு ஊசி போட்டுரலாங்க, இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

"ஏனுங்ணா, யாரு புடிச்சுக் குடுப்பாங்க?" என்றார் குழந்தைவேலு. "போன வருஷம் வலை போட்டாங்களே, ஞாபகமில்லையா? ஒம்பது நாள் ஒரு நாயும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல."

"வலை வேண்டாமுங்க. நானே கொண்டாந்து நிறுத்தறேன்."

சிரித்தார்கள். எத்தனை பேர் என்று எண்ணவில்லை. எண்ணுகிற நிலைமையில் நான் இல்லை.

குழந்தைவேலு மட்டும் சிரிக்கவில்லை. அவர் கறாரான ஆள், கெட்டவர் இல்லை. "சரிங்ணா. நீங்க கணக்குல கெட்டி, நானும் கணக்காவே சொல்றேன். ஒரு நாள் குறிச்சுக்கங்க. அன்னைக்குப் பன்னண்டு மணிக்குள்ள அஞ்சு கழுத்துலயும் ஊசி போட்டதுக்கு டாக்டர் மாட்டற பட்டை இருக்கோணும். நாலு இருந்து ஒண்ணு இல்லீன்னா, அஞ்சும் வேனுல ஏறிரும். வேன் கேட்டுலயே நிக்கும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ரெஜினா அம்மாவைப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது சனி, நாலாவது சனி, இரண்டு நாளில் ஒன்று சொல்லுங்கள் என்றார். நான் மூன்றாவது சனி என்றேன். அன்றைக்கு விடிகாலையில் எல்லோர் வீட்டிலும் பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். வண்டி சத்தம் இருக்காது, பிள்ளைகள் சத்தம் இருக்காது, நாய் மிரளாது. இப்படிக் கணக்குப் போட்டேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் தப்புப் பண்ணின இடம் இதுதான்.

"ஐயா, பத்து எண்ணற நேரம் அசையாம நின்னாப் போதும்" என்றார் டாக்டர். "அதுக்குள்ள ஊசியும் போட்டு, பட்டையும் மாட்டிருவேன். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பண்டம் ஏதாச்சும் ஒண்ணு கையில வெச்சுக்கங்க. பத்து முடிஞ்சதும் குடுங்க. தெனமும் பழக்கினா நிப்பாங்க."

நாய்களை அவர் அவங்க என்றுதான் சொன்னார். பதின்மூன்று நாள் இருந்தது.

பண்டம்தான் சிக்கல். செல்லாண்டி சுலபமாகச் சொல்லிவிட்டான். "கோழி ஈரல் காக்கிலோ வாங்கி வேக வெச்சுருங்க ஐயா. அஞ்சும் உங்க கால்ல உழுந்து கெடக்கும்." ஆனால் புரட்டாசி. நாற்பத்திரண்டு வருஷமாகப் புரட்டாசியில் நான் கவுச்சி தொடுவதில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்தால் சுகந்தி விளக்கேற்ற மாட்டாள். கேட் ரூமில் வேக வைக்கலாம் என்றால் அங்கே பெருமாள் படம் மாட்டி மாலை போட்டிருக்கிறது. இருந்தும் ஒரு நாள் கறிக்கடை வரைக்கும் போனேன். பதினோரு நிமிஷம் எதிர்ப்பக்கம் நின்றேன். கடைக்காரர், "என்ன பெரியவரே, சனிக்கெழமை கணக்கு மறந்து போச்சா?" என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவே சைவத்தில் தேட வேண்டும். கால் குயர் நோட்டு ஒன்று போட்டேன். இடது பக்கம் பண்டம், வலது பக்கம் ஐந்து கட்டம்.

திங்கள், டீக்கடை வர்க்கி. பச்சை ஓடி வந்தது, பத்து எண்ணும் வரை நின்றது. மற்ற நாலும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. செவ்வாய், தேங்காய்ச் சில். நீலம் மட்டும். புதன், தயிரில் பிசைந்த சோறு. சிவப்பு மட்டும், அதுவும் நாலு எண்ணுவதற்குள் கையை நக்க ஆரம்பித்துவிட்டது. வியாழன், பன்னீர். விலை கொடுத்து வாங்கினது. பச்சையும் மஞ்சளும் வந்து, அதற்குச் சண்டை போட்டு, பி பிளாக் வாசலில் குரைத்து, குழந்தைவேலு ஜன்னலைத் திறந்து பார்த்தார். ஜன்னலை மூடிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆளுக்கு ஒரு பண்டம் வைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஐந்து பண்டத்தை இரண்டு கையில் வைத்துக்கொண்டு யாருக்கு எது என்று தேடுவதற்குள் ஒன்று மற்றதைப் பிடுங்கும். ஐந்துக்கும் ஒரே பண்டம் வேண்டும். அதைவிட, நூலில்லாததற்கு எந்தப் பண்டமும் இல்லை. நாலு நாளும் அதன் கட்டம் வெறுமையாக இருந்தது. பதினெட்டு அடியில் உட்கார்ந்து நான் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். லாபம், ரெண்டு, மூணு என்றால் காது ஒன்றைத் தூக்கும். பத்து என்றால் இறக்கும்.

சுகந்தி பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும் கேட்டாள்.

"மாமா, உங்க பேரன் நடக்கப் பழகறப்ப ஒரு நாளாச்சும் இப்படிப் பின்னாடியே நடந்திருக்கீங்களா?"

"அவனுக்கு நீங்கெல்லாம் இருந்தீங்களே அம்மிணி."

"இருந்தோம். நாங்க இருந்தோம்." பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். பிறகு என்னவோ தோன்றி, "உங்க குரலு இப்படித்தான் இருக்கும்னு எனக்கு இந்த வாரந்தான் தெரியும், மாமா. பத்து வரைக்கும் எண்ணறதாச்சும் காதுல உழுகுது" என்றாள்.

சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று சொல்கிறாள் போலிருக்கிறது. மறுநாளிலிருந்து மெதுவாக எண்ணினேன். நாய்கள் கிட்டே வந்து நின்று கேட்டன.

ஏழாவது நாள், இரண்டாவது சனி. சுகந்தி வெண்ணெய் உருக்கினாள். முருங்கை இலை போட்டு இறக்கி, நெய்யை வடித்துக்கொண்டு, அடியில் சிவந்து கிடக்கிற கசண்டோடு சட்டியைப் பின்பக்கத் தொட்டியில் போட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். மதிலோரத்தில் நாய்கள் படுத்திருந்தன. ஐந்து மூக்கும் ஒரே நேரத்தில் திரும்பியது. ஐந்தும். நான் எண்ணினேன். நூலில்லாததும் எழுந்து வந்தது. பன்னிரண்டு அடியில் நின்றது.

அன்றைக்கே பஸ் ஏறி ஊத்துக்குளி போனேன். வெண்ணெய் உருக்கி விற்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கசண்டு கேட்டேன். "அதையெல்லாம் யாரும் வெலைக்குக் கேக்க மாட்டாங்களே, எதுக்குங்க?" என்றார். சொல்ல வெட்கமாக இருந்தது. "வேணுமுங்க" என்றேன். ஒரு தூக்குப்போசி நிறையக் கொடுத்தார். வறுத்த ராகி மாவில் பிசைந்து சுண்டைக்காய் அளவுக்கு உருட்டினேன். பத்துப் பதினைந்து நாள் கெடாது.

ஞாயிற்றுக்கிழமை நாலும் வந்து நின்றன. பிடரியில் கை வைத்தேன், ஓடவில்லை. லாபத்திலிருந்து பத்து வரை. பத்து என்றதும் உருண்டை. நூலில்லாததற்கு என் காலடியில் ஒன்று வைத்துவிட்டு எண்ணுவேன். பன்னிரண்டு அடி ஏழு அடி ஆனது. ஏழு நாலு ஆனது. வியாழக்கிழமை மூன்று அடி. வெள்ளிக்கிழமையும் மூன்று அடிதான். மூன்று அடியில் நின்று கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு பின்னால் போய்விடும். டாக்டர் கை மூன்று அடி நீளாது. வெள்ளி ராத்திரி நான் தூங்கவில்லை. நாலு இருந்து ஒன்று இல்லையென்றால் அஞ்சும் ஏறிவிடும். இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

சனிக்கிழமை. டப்பாவில் அறுபது உருண்டை. நாய் ஒன்றுக்குப் பத்து, கைக்காவலுக்குப் பத்து. இரண்டு தரம் எண்ணி மூடினேன். ஒன்பதரைக்கு டாக்டர் வந்து கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மேஜை போட்டுக்கொண்டார். வேன் அதற்கு முன்பே கேட்டில் வந்து நின்றுவிட்டது. நாய்களைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

போனவன் அப்படியே நின்றுவிட்டேன். மதில் நீளத்துக்கும் வாழையிலை. இலை இலையாக. புளிச்சோறு, தயிர்ச்சோறு, சுண்டல், மிளகு வடை. ஐந்தும் வயிற்றைத் தரையில் பரப்பிக்கொண்டு கிடக்கின்றன. மஞ்சளின் வாயோரத்தில் ஒரு வடை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத் தின்னக்கூட அதற்குத் தெம்பில்லை.

மூன்றாவது சனி. தளிகை போட்டால் காக்காய்க்கு ஓர் இலை, நாய்க்கு ஓர் இலை வைக்காமல் யாராவது கோயிலுக்குப் போவார்களா? எங்கள் வீட்டிலேயே நாற்பத்திரண்டு வருஷமாக வைக்கிறோம். இலைகளை எண்ணினேன். இருபத்தாறு. முப்பத்திரண்டு வீட்டில் இருபத்தாறு. அப்படியென்றால் கை தூக்கின பத்தொன்பது வீட்டில் குறைந்தது பதின்மூன்று வீடு வைத்திருக்கிறது. காலையில் சோறு வைத்துவிட்டு, மத்தியானம் வேனில் ஏற்றுவதற்கு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. புண்ணியம் வேறு, மீட்டிங் வேறு. ஆனால் எனக்கு ஏன் இது தோன்றவில்லை? பதின்மூன்று நாள் எல்லாவற்றையும் எண்ணினவனுக்கு, இது தோன்றவில்லை.

பின்னால் சுகந்தி வந்து நின்றாள். "நாந்தான் மாமா மொதல் எலை வெச்சேன். இன்னைக்கு நல்ல நாளு, அதுங்களுக்குக் கஷ்ட நாளு, வயிறாரத் திங்கட்டும்னு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் மாமா? வெக்கக் கூடாதா?" என்றாள்.

நடக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, கால் அதுவாக மதிலோரமாக நடந்தது. திரும்பிப் பார்த்தால் பச்சை எழுந்து, ஏப்பம் விட்டுவிட்டு, பின்னால் வருகிறது. பிறகு நீலம். பிறகு மற்ற இரண்டு. நல்ல வேளை, டப்பா வாசம் காற்றில் போயிருக்க வேண்டும்.

மேஜைக்குப் பக்கத்தில் பச்சையை நிறுத்தினேன். பிடரியில் கை வைத்தேன். லாபம், ரெண்டு, மூணு. டாக்டர் ஊசியை ஏற்றினார். பச்சை உடம்பு ஒருதரம் நடுங்கியது, நகரவில்லை. பத்து. பட்டை மாட்டியாகிவிட்டது. டப்பாவைத் திறந்து உருண்டையை நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. எனக்கு உயிரே போய்விட்டது. கூலி வாங்காமல் விட்டால் அடுத்ததற்கு எப்படி நம்பிக்கை வரும்?

ஆனால் அடுத்ததும் வந்தது. நீலம், பத்து வரை நின்றது. உருண்டை வேண்டாம். சிவப்பு, பத்து. வேண்டாம். மஞ்சள் ஊசி குத்தினதும் சின்னதாக முனகி என் கணுக்கால் மேல் தலையை வைத்துக்கொண்டது. வேண்டாம். மணி பத்து ஐம்பது. நாலு பட்டை ஆயிற்று.

அப்போதுதான் குழந்தைவேலு கோயிலிலிருந்து வந்தார், நெற்றியில் நாமத்தோடு. நேராக மேஜைக்கு வந்தார். திறந்திருந்த டப்பாவைப் பார்த்தார். நெய் வாசம். மூன்றாம் சனி. கைகழுவினதும் இல்லை, கேட்டதும் இல்லை, ஓர் உருண்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்.

"பிரசாதம் அருமையா இருக்குதுங்ணா. யாரு செஞ்சது?"

செல்லாண்டி கேட் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு மட்டும் குலுங்கியது. "நாந்தானுங்க" என்றேன். பொய் சொல்லவில்லை.

"நாலு ஆச்சு போல? அஞ்சாவது?" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாயில் இன்னும் மென்றுகொண்டிருந்தார்.

அஞ்சாவது மதில் மூலையில், மோட்டார் ரூமுக்குப் பின்னால் கிடந்தது. வேன் சத்தம் அதற்குக் கேட்டிருக்கிறது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, பல் தெரிகிறது. போன வருஷம் வலை வந்ததும் ஒரு வேனில்தான். நான் ஆறு உருண்டைகளை அதன் முன்னாலிருந்து வரிசையாக, ஒரு முழத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு வந்தேன். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். மணி பதினொன்று இருபது. கையில் ஒன்றை வைத்து நீட்டினேன். உறுமியது. என்னைப் பார்த்து அது உறுமினது அதுதான் முதல் தடவை.

"நேரமாகுதுங்ணா" என்று குழந்தைவேலு அங்கிருந்து சொன்னார். வேன்காரர் எஞ்சினைப் போட்டார். அதைக் கேட்டதும் நாய் சுவரோடு சுவராக ஒடுங்கியது. சிறுநீர் போய்விட்டது அதற்கு. நான் செல்லாண்டியைப் பார்த்தேன். அவன் ஓடிப்போய் வேன் ஜன்னலில் அடித்து எஞ்சினை நிறுத்தச் சொன்னான்.

பதினொன்று முப்பத்தைந்து. ஆறு உருண்டைகளையும் பொறுக்கினேன். எறும்பு வந்துவிடும், அதனால் பொறுக்கினேன். அங்கேயே நாய்க்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முடிந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. நான் தேடிப் பிடித்த பண்டம் ஒன்றுக்கும் உதவவில்லை. அஞ்சும் ஏறிவிடும். நாளைக் காலையில் ஏழு சுற்றும் நான் தனியாக நடக்க வேண்டும். இப்படி ஏதாவது வந்தால் மில்லில் எனக்கு ஒரு பழக்கம். பெட்டியைப் பிரித்து முதலிலிருந்து எண்ணுவேன். டப்பாவை மடியில் கவிழ்த்தேன். வேட்டி பூராவும் நெய். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டுக்கொண்டே எண்ணினேன். சத்தமாகத்தான் எண்ணினேன். யார் கேட்டால் என்ன?

லாபம். ரெண்டு. மூணு. நாலு.

இருபது வரும்போது பின்னால் நகம் சிமெண்டில் உரசுகிற சத்தம். நான் திரும்பவில்லை. திரும்பினால் எண்ணிக்கை போய்விடும். இருபத்தாறு, இருபத்தேழு. முதுகில் மூச்சுக் காற்று பட்டது. முப்பத்தொன்று. விலாவில் கனமாக என்னவோ சாய்ந்தது, வேட்டிக்கு மேலே உடம்புச் சூடு தெரிந்தது. நடுக்கமும் தெரிந்தது, அதன் நடுக்கமா என்னுடையதா, தெரியவில்லை. முப்பத்திரண்டு. கண்ணோரத்தில் டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்காலால் நகர்ந்து வருவது தெரிந்தது. நிறுத்தாதீர்கள் என்று கையால் காட்டினார். நான் நிறுத்துவதாக இல்லை, பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. எப்போது குத்தினார், எப்போது பட்டை மாட்டினார், எனக்குத் தெரியாது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எண்ணி முடித்துப் பார்த்தபோது நூலில்லாதது என் தொடை மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. கழுத்தில் சிவப்புப் பட்டை. மூக்குக்கும் டப்பாவுக்கும் நடுவில் நாலு விரல்கடை இடைவெளி. உள்ளே அத்தனை உருண்டை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. குழந்தைவேலு வந்து பட்டைகளை எண்ணினார். விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். கறாரான ஆள் என்று சொன்னேனே. அஞ்சு. போய் வேன்காரரிடம் என்னவோ சொன்னார், வேன் பின்னால் நகர்ந்து போய்விட்டது. திரும்பி வரும்போது என் முகத்தை அவர் பார்க்கவில்லை. "அடுத்த வாரமும் அந்தப் பிரசாதம் செஞ்சா சொல்லுங்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினார். சுகந்தி படியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வெயில் அப்படி.

இப்போது என் சங்கடத்தைக் கேளுங்கள். இரண்டு மாதத்தில் இரண்டாவது ஊசி உண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் கார்த்திகை பிறந்துவிடும். என் மகன் மலைக்கு மாலை போடுகிறவன், நாற்பத்தொரு நாள் மறுபடியும் வீட்டில் கவுச்சி கிடையாது. இந்தப் பண்டமும் ஆகவில்லை என்றால் எதைக் கொண்டு நான் நிறுத்துவது? டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, அடுத்த தடவை டப்பா வேண்டாம், நீங்க மட்டும் வந்தாப் போதும்" என்கிறார். பண்டம் அவ்வளவு மோசம் என்று நாசூக்காகச் சொல்கிறார். படித்தவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்.

அதனால்தான் போகிறேன். அந்த வெண்ணெய்க்காரரிடம் டப்பாவைத் திறந்து காட்டப் போகிறேன். அவர் மேல் குறை சொல்ல அல்ல. வயிறு நிறைந்த நாய்க்கும் ஆசை வருகிற மாதிரி இன்னும் கொஞ்சம் கருகினது, இன்னும் வாசம் தூக்கினது இருக்கிறதா என்று கேட்கத்தான். சும்மா வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்ப மாட்டார். செய்தது அறுபது, ஒரு மனுசன் தின்றது ஒன்று, ஐந்து நாயும் தொட்டது ஒன்றுகூட இல்லை.

இதோ, ஊத்துக்குளி வந்துவிட்டது. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள், இறங்குகிறேன். சந்தேகம் இருந்தால் மூடியைத் திறந்து நீங்களே எண்ணிக்கொள்ளலாம். ஐம்பத்தொன்பது.